வெள்ளைக் கோடு போட்ட பாறை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இராசமலர் டீச்சர் அவர்களே, மேடையிலிருக்கும் முகாம் அதிகாரிகளே, தம்பலகாமத்துப் பெரியவர்களே! வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். கணவர் அபூதாஹிர் சேரை இழந்து, வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தாவில் இருப்பதால் இங்கே வரமுடியாத மைமூனா மாமிக்கும் கேட்கவேண்டுமென்று ஒலிபெருக்கியை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். மாமி, நான் பிழையாகப் பேசினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் பூரணி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுபத்திரண்டில் நம் மலையடிக்குக் கனிமம் தேடும் முகாம் வந்தபோது, கல் போடும் துணிப்பைகளைத் தைத்து இலக்கம் எழுதும் வேலையை எனக்குத் தந்தவர், பாறை ஆய்வாளர் ஜனாப் அபூதாஹிர் சேர் அவர்கள்.

கல்லை அவரைப் போல் படித்தவர் யார்? ஒருநாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கேட்டார்: "மகள், இந்தத் தண்ணி ஏன் சுடுது?" அவரே சொன்னார். இன்று கடல் பிரித்து வைத்திருக்கும் நிலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மோதி நெரிந்தனவாம். மலை எழுந்தது. பாறை பிளந்தது. அந்தப் பிளவுகளின் வழியே கொதிநீர் செம்பையும் இரும்பையும், எங்கேயோ ஒரு துளி பொன்னையும் கரைத்து மேலே கொண்டுவந்தது, ஆறியபோது விட்டுப்போனது. இந்தக் கிணற்று நீரும் அப்படியொரு பிளவின் ஆழத்திலிருந்து சூடாக வருவதுதானாம்.

"உலோகம் இருக்கிற இடம் உடைஞ்ச இடம், மகள். உடைஞ்சது திரும்பவும் உடையும்."

அதனால்தான் மலையடியில் இடியக்கூடிய மூன்று இடங்களுக்கு வெள்ளைக் கோடு போடச் சொன்னார். போட்டவள் நான். "கிட்டப் போகக் கூடாதெண்டு ஊருக்குச் சொல்லிவிடு" என்றார்.

சொன்னேனா? இல்லை! கூட்டுறவுச் சங்கக்கடையில் கேட்டார்கள்: "என்னடி, பொன் இருக்கிற இடத்திலயோ சேர் கோடு போட்டவர்?" தலையைக் குனிந்தேன். "இவளிண்ட வாயைத் திறக்க, பாறை பெயர்க்கிற அலவாங்கு வேணும்!" என்று ஒருவர் சிரித்தார். "சொல்லாட்டி, ஓமெண்டுதான் அர்த்தம்" என்றார் மற்றவர். அதிகாரிகள் பொன்னைக் கண்டால் ஊருக்கு மறைப்பார்கள் என்று நாம் நம்புகிறவர்கள் அல்லவா?

போன வெள்ளிக்கிழமை, முதல் கோட்டின் கீழே பொன் தேடி வெட்டிய பத்தடிக் குழிக்குள் என் அண்ணனும் இன்னும் இருவரும் நின்றார்கள். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த சேர் அதே வெள்ளைச் சட்டையோடு உள்ளே இறங்கினார். "ஏறுங்கடா! கதைக்க நேரமில்ல!" மூவரையும் தள்ளி ஏற்றினார். அவர் ஏறுவதற்குள் மலை இறங்கிவிட்டது!

அத்தோடு முடிந்ததா? இன்று காலை அண்ணன் சொன்னான்: "சரிஞ்ச கல்லுக்குள்ள மஞ்சளா மினுங்குது. சேர் சும்மாவா ஓடி வந்தவர்?" அது பொன்னல்ல, செம்புக் கல் என்றேன். "ஓ, நீயும் கதைக்கப் பழகிட்டாய்" என்று சிரித்தான்.

பெரியோர்களே, இரண்டாவது கோட்டின் மேலே நேற்று என் விரல் நுழைந்த பிளவில் இன்று முழுக்கையும் நுழைந்தது. அதன் கீழே புதுக் குழி வெட்டியிருக்கிறது. அதை வெட்டிய ஐந்து பேரும், என் அண்ணன் உட்பட, மரியாதைக்காகப் பின்வரிசையில் இருக்கிறார்கள். கூட்டம் முடிய இறங்குவார்கள். அவர்களுடைய அலவாங்குகள் மண்டப வாசலில் சாத்தியிருக்கின்றன.

டீச்சர், அடுத்தது மௌன அஞ்சலி என்று அறிவித்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எல்லாரும் எழுந்து என்னோடு வாருங்கள், அந்தக் குழியை மூடுவோம். சேர் எனக்குத் தந்த வேலையை இன்றுதான் தொடங்குகிறேன். கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அண்ணா, அதற்குப் பிறகும் நீ இறங்கினால் நானும் உன் பின்னால் இறங்குவேன். இந்த முறை எங்களைத் தள்ளி ஏற்றச் சேர் இல்லை.