மனுவின் நகலும் தங்கையின் சந்தேகமும்

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். காவல் நிலையத்தில் பதிவான என் வாக்குமூலம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. "தேவையில்லாததை விடுங்க சார்" என்று எழுத்தர் விட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன். பெயரும் முகவரியும் அவர்களிடம் இருக்கின்றன, இங்கே வேண்டாம். வயது ஐம்பத்து மூன்று. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கண்காணிப்பாளராக இருந்திருக்க வேண்டியவன்.

பதவி உயர்வு மறுக்கப்பட்டவர்களாகிய நாம் இணையத்தில் நடத்தும் இந்தக் குழுவில், எல்லோரையும் போல நானும் என் மேல்முறையீட்டு மனுவின் நகலைப் போட்டிருந்தேன். பிறந்த தேதி, பணி எண், கைபேசி எண், எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. சென்ற மாதம் ஒரு மதிய வேளையில், மேல்முறையீட்டுப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். மனுவில் உள்ளதை வரி பிசகாமல் சொன்னான். அதன் பிறகு, "உங்களுக்கு நடந்தது அநியாயம் சார். ஃபைலப் படிச்சுட்டு எனக்குச் சோறே இறங்கல" என்றான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். பதவி உயர்வு உத்தரவை அனுப்ப வேண்டும் என்று சொல்லி, கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டான். தவறாகக் கேட்டுவிடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அதன் பிறகு என் வாட்ஸ்அப் நின்றுபோனது. அலுவலகத்தில்தான் எவனோ வேலையைக் காட்டிவிட்டான் என்று நினைத்து, மாலை வரை பக்கத்து மேசைக்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவன் என் பெயரில் என் தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவள் கணவரின் இதய அறுவைச் சிகிச்சைக்காக நகைகளை விற்றுப் பணம் வைத்திருப்பதாக அன்று குடும்பக் குழுவில் வந்த செய்தியைப் படித்திருக்கிறான். மருத்துவமனையில் தனக்கு ஆள் இருப்பதாகவும், பணத்தைத் தன்னிடம் அனுப்பினால் செலவு பாதியாகும் என்றும் எழுதியிருக்கிறான்.

தங்கை என் மனைவியை அழைத்தாள். அப்பாவின் வீட்டைப் பிரித்ததிலிருந்து தங்கையும் நானும் பேசுவதில்லை.

"அண்ணி, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே ஆபீஸ் போனாரு?"

"'அன்புத் தங்கச்சி, மனசுல எதையும் வச்சுக்காதம்மா'ன்னு எழுதிருக்காரு."

"யாரு, இவரா? காபில சக்கரை கொறஞ்சாலே ஒரு வாரம் மனசுல வச்சிருப்பாரே!"

அதன் பிறகு தங்கை அவனைச் சோதித்தாள். தன் கல்யாணத்தில் எதற்குக் கோபித்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டாள். 'அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா' என்று பதில் வந்தது. உடனே பணம் அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிட்டாள். அந்தக் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் என்னை ஓரத்தில் நிறுத்தினார்கள். நான் மறக்கவில்லை.

மனைவி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு வங்கிக்குச் சொன்னேன், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து எச்சரித்தேன். வாட்ஸ்அப் கணக்கை மீட்டு, அதற்குத் தனி ரகசிய எண்ணும் வைத்தேன். எவர் பணமும் போகவில்லை. அறுவைச் சிகிச்சையும் முடிந்தது. பார்க்கப் போனபோது மச்சான் எழுந்து உட்கார்ந்து, தலையணை கல்லு மாதிரி இருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நானும் அவருக்காக இரண்டு வார்த்தை பேசினேன். வாசல் வரை வந்த தங்கை, "இப்படியே திட்டிக்கிட்டே இருங்கண்ணே. அப்பதான் நீங்கதான்னு நம்புவேன்" என்றாள். அன்று வீடு வந்ததும் நன்றாகத் தூங்கினேன்.

என் மனுவை நீக்கிவிட்டேன். உங்கள் மனுக்களெல்லாம் இன்னும் இங்கேயே கிடக்கின்றன. அவனும் இங்கேதான் எங்கோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். இன்றே எடுத்துவிடுங்கள். மேலே எழுதியதில் ஒரு வரியும் கற்பனை இல்லை. எங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் என் பெயரைப் போட்டால் நம் ஆட்கள் மனுவை நீக்க மாட்டார்கள். இவனுக்கு மட்டும் ரகசியமாக உத்தரவு வந்துவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். ஆகவே கையெழுத்தில்லாமலே இதைப் பதிவிடுகிறேன்.