கான்கார்ட் தலைகுனியவில்லை

எண்ணெய் வண்ணம் காய நாளாகும், மேடம். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. காரைக்குடியில் முப்பத்தோரு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஒரு பையனைக்கூடக் கைநீட்டி அடித்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

மெய்யநாதனும் நல்ல மனிதர்தான். லண்டன் விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நெற்குப்பையில் இருக்கும் பூர்வீக வீட்டை ஹோட்டலாக்க வந்தவர். வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். கான்கார்ட் விமானத்தின் படம். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பயணிகளை ஏற்றிப்போன விமானம் அது. 2003 அக்டோபரில் கடைசிப் பயணிகளோடு லண்டனில் இறங்கியது. ஓடுபாதை ஓரத்தில் நின்று அதைப் பார்த்தவர் அவர்.

"அந்த நாளு மறக்காம இருக்கணும் மாஸ்டர். எங்குட்டு நின்னு பார்த்தாலும் அது இறங்கி வர்ற மாதிரி போட்டுக் குடுங்க," என்றார்.

எட்டடிக் கேன்வாஸ். பதினோரு மாத வேலை. மாலை வெயில் படிந்த வெள்ளை உடம்பு, முன்னால் ஈட்டி போல நீண்ட மூக்கு, பின்னால் நான்கு இன்ஜின்களின் புகை. பிள்ளைகளுக்கு மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்தே காலம் போய்விட்டது எனக்கு. என் கையால் உருப்படியாக ஆன வேலை இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை படத்தை மாட்டினோம். வியாழக்கிழமை ஹோட்டல் திறப்பு. மெய்யநாதன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் அப்படியே இருக்கு. மூக்கு மட்டும் நேரா இருக்கே மாஸ்டர். இறங்கும்போது பைலட்டுக்கு ஓடுபாதை தெரியணும்ல, அதுக்காக மூக்கைக் கீழ இறக்கிருவாக."

"பறக்குறப்ப நேராத்தான இருக்கும்?"

"பறக்குறப்ப சரி. இது இறங்குதுல்ல. சக்கரம்கூடப் போட்டிருக்கீகளே."

மாற்ற முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி போனேன். சட்டத்தில் ஒரு ஆணி தளர்ந்திருந்தது, அதனால் சுத்தியல் எடுத்துப்போனேன். முன்கூட்டித் திட்டமிட்டான் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். உள்ளே மெய்யநாதன் ஏணியில் நின்றிருந்தார். நான் அங்கே விட்டுவைத்திருந்த பெட்டியைத் திறந்து, என் பிரஷ்ஷை எடுத்து, என் விமானத்தின் மூக்கைக் கீழே வளைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீக மாஸ்டர். நாளைக்கு நாலு பேரு பார்ப்பாக. நான் கண்ணால பார்த்தவன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் இறங்குச்சு. அன்னைக்கு எனக்கு அழுகை வந்ததே அதைப் பார்த்துத்தான்."

இறங்கி வாருங்கள் என்றேன். இறங்கினார். படத்தைப் பார்த்தபடி நின்றார். பின்மண்டையில் அடித்தேன். நான் தெரியாமல் இடித்துவிட்டதுபோல, "மாஸ்டர்?" என்று திரும்பினார். இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில் விழுந்தது. மற்றவை அவர் தரையில் கிடந்தபோது. மொத்தம் ஏழு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எனக்கு மூன்றுதான் நினைவு. அவர் எண்ணியதே சரியாக இருக்கும்.

அந்த விமானத்தின் மானத்துக்காகத்தான் செய்தேன். எனக்காக இல்லை.

சமையல் வேலை பார்க்கும் கருப்பி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். "ஐயா, என்ன பண்ணிட்டீக," என்றபடி இடுப்பிலிருந்து செல்லை எடுத்தாள். அந்தக் கையில் ஒரே அடி. மணிக்கட்டு உடைந்தது. தேவைக்கு மேல் அடிக்கவில்லை. ஸ்டோர் ரூமில் விட்டுப் பூட்டினேன். அவள் பார்க்கக்கூடிய காட்சியாக அது இல்லை.

பிறகு ஏணியில் ஏறினேன். மெய்யநாதன் பூசியது ஈரமாகத்தான் இருந்தது. டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்ததும் வந்துவிட்டது. அடியில் என் மூக்கு பத்திரமாக இருந்தது. ஓரங்களைச் சரிசெய்ய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க அவர் கீழே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். தொண்டையில் ரத்தம் கட்டி, களக் களக்கென்று ஒரு சத்தம். இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். கோட்டைப் பாதியில் விட்டால் மறுபடி சேராது, மேடம். நான் முடித்து இறங்கியபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். என் செல் சட்டைப்பையில்தான் இருந்தது, மறுக்கவில்லை. அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தானே இப்போது இதைக் கேட்கிறீர்கள்?

ஆமாம், அதில் கான்கார்ட் இறங்கும் வீடியோக்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். முதல் கோடு போடுவதற்கு முன்பே இறக்கி வைத்தவை. எல்லாவற்றிலும் மூக்கு தாழ்ந்துதான் இருக்கிறது. எனக்குத் தெரியும். தாழ்த்தியும் வரைந்து பார்த்தேன். கிழட்டுப் பறவை மாதிரி இருந்தது. நேராகப் போட்டதும் படம் எழுந்து நின்றது. அப்படியே விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தப்பு என்று சொல்லத் தெரிந்தவர் இந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார், மேடம்.