கஞ்சியில் புரட்டிய விதை

மனைவி இறந்த பிறகு எனக்கு நன்றாகப் பசிக்கிறது. இன்று காலை ஆறு இட்லி சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்பது டிரம் வாங்கியவர்களின் பெயர்கள், டாக்டர். ஒடுகத்தூர் பூவம்மாள் ஐ.சி.யு.வுக்குப் போனதிலிருந்து அதையே கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. ஆம்பூரில் தோல் ஃபேக்டரிக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் வேலை. கழிவு கொட்டி வெளிறிப்போன ஆற்றங்கரையில் ஒரே ஒரு கோரைக் கொத்து பச்சையாக நின்றது. அதன் வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தேன். குரோமியத்தில் வாழ்வது, செடியை வளர்ப்பது. வெல்லத் தண்ணீரில் பெருக்கி, கடலை போடுகிறவர்களுக்கு டிரம் டிரம்மாகச் சும்மா கொடுத்தேன். ஆறிய கஞ்சியில் அதைக் கலந்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். வெறுங்கைதான். கஞ்சிச் சட்டிக்கு யாரும் கையுறை போடுவதில்லை. மிச்சத்தில் வெல்லம் போட்டுப் போட்டுத் தீராமல் வைத்துக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வயலில் விடுவார்கள்.

வீட்டில் டிரம்மைக் கலக்கியவள் என் மனைவி மேகலா. மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாங்க இது, பதனி மாரி வாசன வருது" என்று டிரம்முக்குள் தலையை விட்டுச் சிரிப்பாள்.

பதினெட்டு நாள் இருமினாள். நீங்கள்தான் பார்த்தீர்கள். ஆறு மருந்து மாற்றினீர்கள். லேப் ரிப்போர்ட்டில் எனக்குத் தெரிந்த பெயர் இருந்தது, என் டிரம்மில் வளர்ந்த கிருமியின் பெயர். குரோமியத்தை வெளியே தள்ளத் தெரிந்த கிருமிக்கு மருந்தையும் தள்ளத் தெரியும். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி அது. நான் உங்களிடம் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த ஆடியில் விதைத்தார்கள். அறுபதாம் நாள் பூவம்மாளின் கணவர் கோவிந்தசாமி போன் செய்தார். "தம்பி, இன்னா கலந்த நீ? செடி எகிறுது. போன வருசத்தவிட ஜாஸ்தி. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு பச்சையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு செடியைப் பிடுங்கினேன், குலை குலையாகக் காய். வரப்பில் ஓடினேன். செருப்பு எங்கோ கழன்றது.

"இந்தாளு செடிகிட்ட போய் கொஞ்சிக்கினு கெடக்கறாரு தம்பி. என்னைக்கூட இப்டி பாத்ததில்ல" என்றார் பூவம்மாள்.

"கலக்குனது நீங்கதானேம்மா?"

"பின்ன, இவரா? இவருக்குக் கஞ்சி குடிக்கத்தான் தெரியும்."

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு மட்டும் நிற்கவில்லை. வேலூர் பஸ்ஸிலும் சிரித்தேன். கண்டக்டர், "இன்னா சார், கொழந்த பொறந்திருக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்த வயல் மண்ணிலிருக்கும் கிருமிகளை லேப் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். முன்பு பத்து நிறம் தெரியும். இப்போது ஒரே நிறம். மற்ற எல்லா உயிரையும் தள்ளிவிட்டு அது மட்டும் நிற்கிறது. கிணற்றிலும் இருக்கிறது. எவ்வளவு அழகு தெரியுமா?

அது நான் ஆற்றங்கரையில் எடுத்த கிருமி இல்லை, டாக்டர். பதினாறாம் நாள், மேகலா சளி துப்பிய டப்பாவிலிருந்து ஒரு குச்சியில் எடுத்துக்கொண்டேன். அவள் நுரையீரலில் வளர்ந்தது பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். பழைய டிரம்களைக் கழுவிவிட்டு இதை வளர்த்தேன். ஆடியில் எல்லோருக்கும் கொடுத்தது இதைத்தான். பூவம்மாளுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். கையால் கலக்கச் சொன்னவன் நான்.

இன்னும் மூன்று பேர் இருமலோடு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. மொத்தம் முப்பத்தேழு பேர், எல்லாப் பெயரும் மனப்பாடம். ஆனால் சொன்னால் நீங்கள் டிரம்முக்கு டிரம் ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவீர்கள். அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. கவலைப்படாதீர்கள், பூவம்மாள் எழுந்துவிடுவார். மேகலா யாருக்கும் கெடுதல் செய்கிறவள் இல்லை.