குமிழிக்குள் அம்மா

மும்பை சுனாபட்டி ஸ்டேஷனில் வாஷி ரயிலில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே இளையவள் சலித்துக்கொண்டாள்.

“நேத்து முழுக்க என் மக என்னைய ஒரு குமிழிக்குள்ளயே வச்சிருந்தாக்கா.”

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். “எதுக்குள்ள?”

“டிவில மாட்டி ஆடுத வீடியோ கேம்க்கா. குடும்பத்தோட ஆடலாம்னு டப்பா மேல எழுதியிருந்துச்சு, அத நம்பி வாங்குனேன். ஒரு பாலம் வரும். நான் விழப்போறேன்னு தெரிஞ்சாப் போதும், அவ ஒரு பட்டன அழுத்திருவா. என் பொம்ம குமிழிக்குள்ள மிதக்கும். அவ தனியா ஓடி ஜெயிப்பா. நான் சும்மா பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

“நீ ஆடிப் பழகணும்ட்டி.”

“பழகியாச்சு. இன்னிக்கு காலைல அவ காலேஜ் போனப்புறம் தனியா ஆடுனேன். அந்தப் பாலத்த மூணு தடவ தாண்டிட்டேன்.”

“பின்ன அவகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

அவள் எரிச்சலோடு தலையை ஆட்டினாள்.

“உனக்கு ஆடத் தெரியலன்னுதாம்மா நான் கூட உக்காருதேன்னு சொல்லுதா. தெரிஞ்சிட்டுன்னா போன எடுத்துட்டு மூலைக்குப் போயிருவா. இன்னிக்கும் விழுந்துதான் ஆகணும்.”