ஐந்து நிமிடத்துக்கு இரண்டு தட்டு

வெல்டிங் மெஷினில் கம்பிச் சுருளை மாட்டும்போது பெரும்பாலானவர்கள் கம்பியைத் தள்ளும் ரோலரை அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். இறுக்கினால் கம்பி நசுங்கும். நசுங்கிய கம்பி, கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சின் முனையில் போய்ச் சிக்கும். கையுறை போட்ட விரல்களால் பிடித்தால் கம்பி லேசாக வழுக்க வேண்டும், அதுதான் அளவு. இதைப் பட்டறையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டவர் யாருமில்லை. நீங்களாவது எழுதிக்கொள்கிறீர்கள்.

அங்கே எனக்குக் 'கையுறை' என்றுதான் பட்டப்பெயர். கையுறை இல்லாமல் யாரையும் மெஷின் பக்கம் விடமாட்டேன். எர்த் வயரின் கிளாம்பு இரும்பைப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் சுரண்டியிருக்கிறதா, பக்கத்தில் எண்ணெய்த் துணி கிடக்கிறதா, சிலிண்டர் சங்கிலியில் கட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுவேன். பதினாறு வருடத்தில் என் கண்முன்னால் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளையை, அதாவது என் தங்கையின் கணவரை, வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கம்பியின் வேகத்தையும் வோல்ட்டையும் அவர் சத்தத்தைக் கேட்டே வைப்பார். அவர் போட்ட வெல்டிங் நான் போட்டதைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இரண்டாம் வருடமே முதலாளி இரும்புத் தொட்டிகளுக்குள் போய் வெல்டிங் போடும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு என்னை வெளியே காவல் நிற்கச் சொன்னார். வலித்தது. ஆனால் காரணம் அது இல்லை.

கம்பியோடு சேர்ந்து டார்ச்சிலிருந்து ஒரு வாயு வரும். உருகும் இரும்பைக் காற்று தொடாமல் அது பார்த்துக்கொள்ளும். நிறமில்லை, வாசனையில்லை, காற்றைவிடக் கனம். திறந்த இடத்தில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மூடிய தொட்டிக்குள் அடியில் தேங்கி, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். அதனால் தொட்டியின் வாயில் காற்றை உள்ளே ஊதும் ப்ளோயர் ஓட வேண்டும், வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. பதில் வராவிட்டால் உடனே கேஸை மூடிவிட்டு எல்லோரையும் கூப்பிட வேண்டும். இந்த வழக்கத்தைப் பட்டறையில் கொண்டுவந்தவன் நான்.

மாப்பிள்ளைக்கு அது கேலிக்கூத்து. "மச்சான், உள்ள நான் வேலை பாக்கவா, உங்களுக்குத் தாளம் போடவா?" என்பார். ஒருநாள் பதில் வரவில்லை. நான் கேஸை மூடி, தொண்டை கிழியக் கத்தி, முழங்கால் தேய உள்ளே தவழ்ந்து போனேன். அவர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "கையுறை அழுவாரான்னு பாத்தேன்" என்றார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் தங்கையும் சிரித்தாள். பிறகு, "விடுண்ணா, அவர் சும்மா விளையாடறார். நீ வெளிய நிக்கறதாலதான் நான் வீட்ல நிம்மதியா இருக்கேன்" என்றாள்.

அடுத்த வாரம் அதே விளையாட்டு மறுபடியும் நடந்தது. இந்தமுறை முதலாளியும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து தட்டுவதை நிறுத்திவிடலாம், காதைக் குடைகிறது என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தட்டு எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஒரே ஒருமுறை அது தேவைப்பட்டுவிட்டால் புரிந்துவிடும்.

திங்கட்கிழமை மெஷினைச் சுத்தம் செய்தபோது, டார்ச்சின் விசையை விட்ட பிறகும் வாயு நிற்காமல் சீறியதைக் கவனித்தேன். உள்ளே வால்வில் ஏதோ துகள். சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். நான் அப்படியே மூடியை வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினேன்.

வியாழக்கிழமை ஒரு தொட்டியின் அடித்தகட்டை உள்ளிருந்து வெல்டிங் போட்டு இணைக்கும் வேலை. மாப்பிள்ளையின் கையுறையையும் ஹெல்மெட் கண்ணாடியையும் வழக்கம்போலப் பார்த்தேன். உள்ளே நுழைவதற்கு முன் அவர், "இன்னிக்கு ஒழுங்கா பதில் தட்டறேன் மச்சான். உங்க தங்கச்சி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்றார். சரி என்றேன்.

அவர் வெல்டிங்கை ஆரம்பித்ததும் ப்ளோயரின் பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்தில் கிரைண்டர்காரர் தகடு தேய்த்துக்கொண்டிருந்தார். ப்ளோயர் நின்றது யார் காதிலும் விழவில்லை.

முதல் முறை தட்டியதற்குப் பதில் உடனே வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் தாமதம். மூன்றாம் முறை மெதுவாக இரண்டு தட்டு வந்தது. ஒரு தட்டுதான் முறை, வெளியே வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் முறை பதில் இல்லை. தொட்டியின் வாயில் தெரிந்த நீல வெளிச்சமும் நின்றிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தட்டினேன்.

சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் கூடும்வரை தட்டினேன். கிரைண்டர்காரர் அதைக் கேட்டிருக்கிறார். "பாவம், கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாருங்க" என்று உங்களிடம் சொன்னதும் அவர்தான். உள்ளிருந்து வரும் பதில் தட்டு கிரைண்டர் சத்தத்தில் அவருக்கு என்றைக்குமே கேட்டதில்லை.

அன்று தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, நீ வெளியதானே நின்ன?"

"ஆமா" என்றேன். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

இப்போது பட்டறைச் சுவரில் முதலாளி ஒரு பலகை மாட்டியிருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு தட்டு, பதிலுக்கு ஒரு தட்டு, தவறினால் வேலை கிடையாது. ஒருவரும் சிரிப்பதில்லை.

நான் இன்று இங்கே வந்தது உங்கள் அறிக்கையில் உள்ள ஒரு சொல்லுக்காக. ப்ளோயர் பிளக் கழன்றிருந்ததற்கு வெளியே நின்றவரின் கவனக்குறைவு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளக் கழலவில்லை, நான் பிடுங்கினேன். வால்வு கெட்டது தெரிந்தே அவரை உள்ளே அனுப்பினேன். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் ஒரு தட்டைக்கூட விடவில்லை.