மஞ்சள் துணி

கொல்கத்தாவில், நியூ டவுனிலிருந்து கரியாஹாட் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"பத்து நாளா பால்கனியில மஞ்சள் துணி கட்டுறேன் சரசு."

"எதுக்குக்கா? வேண்டுதலா?"

"ஜப்பான்ல இருக்காளே என் பொண்ணு, அவ சொன்னா. அவ தெருவுல தனியா இருக்கிற வயசானவங்க காலையில வாசல்ல மஞ்சள் துணி கட்டுவாங்களாம், சாயங்காலம் எடுத்துருவாங்களாம். கட்டலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க. செத்து நாள் கணக்கா யாருக்கும் தெரியாமக் கிடக்கக் கூடாதுல்ல."

"நல்ல ஏற்பாடுதான்."

"நேத்து வேணும்னே கட்டல. சாயங்காலம் வரைக்கும் ஹால்லயே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல."

"ஏங்க்கா, துணி எதுக்குன்னு பக்கத்து ஃப்ளாட் பெங்காலி அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிடீ சொல்றது? நான் செத்துட்டேனான்னு தினம் பாருங்கன்னா?"

சரசு சிரித்துவிட்டார். பிறகு, "தினம் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாக்கிறேன்" என்றார்.

"ரெண்டு நாள் பாப்ப. அப்புறம் உனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."



தான் இருப்பது எந்தக் கட்டடம் என்று ஜன்னலோரம் இருந்தவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே மேலே பார்க்கிறேன். எல்லாக் கட்டடத்திலும் ஏதாவது ஒரு மஞ்சள் துணி காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.