பன்னிரண்டாம் நம்பர் கிடா

ஆட்டை எடை போடுவதென்றால் காலையில், தீனி வைப்பதற்கு முன்னால் போட வேண்டும். தின்றுவிட்டால் ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். சந்தைக்காரர்களுக்கு அது வசதி. நமக்கு அது வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன், மேடம். பொய் எடையை எழுதி வைத்தால் ஆடா ஏமாறப் போகிறது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மேசையில் இருக்கிற அந்தப் பச்சை அட்டை ரிஜிஸ்டரில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது. எங்கள் ஆட்டுக் குழுவில் இருக்கிற கதிரவன் அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது புதையல் எடுத்தவன் மாதிரி வந்திருப்பான். அது எப்போதும் கொட்டகை ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எவனும் எடுத்துப் படித்ததில்லை.

என் பெயர் ஹேமாவதி. இருபத்திரண்டு வயது. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பன்னிரண்டாவது முடித்த மறுவாரமே நைனா என்னை விசைத்தறியில் நிறுத்திவிட்டார். நான்கு வருடம் அங்கே நின்றேன். இரண்டு தறிக்கு நடுவில் நின்று நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் காதில் அந்தச் சத்தம் போகாது. ஆகவே, தை மாதம் ஊரில் இளவட்டங்கள் ஐந்து பேர் சேர்ந்து இருபது கிடாக்குட்டி வாங்கி வளர்த்து ஆடிக்கு விற்பது என்று கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். தறிக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொட்டகைதான். எல்லா ஆட்டுக்கும் காதில் நம்பர் போட்ட தோடு உண்டு. எந்த நம்பர் எவ்வளவு தின்றது, எப்போது கழிந்தது, எந்தத் தேதியில் பூச்சி மருந்து கொடுத்தோம் என்று எல்லாவற்றையும் எழுதியது நான்.

குழுவுக்குத் தலைவர் திலீப் பாவா. என் அக்கா பத்மாவின் புருஷன். அடுத்த தெருவில்தான் வீடு. ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரித்துச் சிரித்துப் பேசுவார், ஊருக்கே பிடிக்கும். வேலை என்று வந்தால் மட்டும் முதுகு வலிக்கும்.

மாசியில் அரக்கோணம் பக்கத்திலிருந்து பரந்தாமன் சார் என்று ஒருவர் வந்தார். பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். பண்ணையில் தங்கி ஆடுகளுக்குப் பதிவேடு எழுத ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். கொட்டகையில் நின்றபடியே என் ரிஜிஸ்டரை அரை மணி நேரம் படித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தார். என் வாழ்க்கையில் நான் எழுதியதை ஒருவர் படித்து அப்போதுதான் பார்த்தேன். தறியை விட்டுப் போக எனக்கு இருந்த ஒரே வழி அந்த மனிதர் கையில் இருக்கிறது என்று தெரிந்தது.

"யாருப்பா இத எழுதனது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் பாவா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நான் சாணிக்கூடையோடு நான்கு அடி தள்ளி நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைப் பார்த்தாள். "ஹேமா, சாருக்கு டீ எட்தா போ," என்றாள். நான் போய் டீ எடுத்து வந்தேன். அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். ஆடியில் ஆடு விற்று முடிந்ததும் முழு ரிஜிஸ்டரையும் கொண்டுவந்து காட்டிவிட்டு பாவா வேலையில் சேர வேண்டும்.

அன்று வீட்டில் கத்தினேன். அழுதேன். அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை தெரியுமில்லையா, அந்த மாதிரிதான். "அவரு ஆம்பளடி. வேல கெடச்சா குடும்பம் நிமிரும். நீ நாளைக்கு கல்யாணம் கட்டிகினு போறவ, உனக்கு இன்னாத்துக்கு அரக்கோணம்?" என்றாள்.

பாவாவுக்கு வெட்கம்கூட இல்லை. "மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறியே, எழுதறத நிறுத்திடாத. நீ எழுதிகினே இரு, நான் வாரத்துக்கு ஒருவாட்டி அடியில கையெழுத்து போட்டுக்கறேன்," என்றார். சொன்னபடியே போட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும். பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்துதான் இருக்கும்.

எனக்கு அவர் மேல் எவ்வளவு வெறுப்பு என்று கேட்டீர்கள். தறியில் நிற்கும்போதெல்லாம் அவர் சாக வேண்டும் என்று நினைப்பேன். நினைப்பதற்கு ஒன்றும் செலவில்லையே. ஆனால் அதற்காக நான் எதையும் தேடிப் போகவில்லை. அதுவே வந்தது.

பங்குனியில் ஒரு காலை ஏரிக்கரையில் மேய்த்துக்கொண்டிருந்தேன். தனியாகத்தான் இருந்தேன். ஒரு நாய் தள்ளாடிக்கொண்டு வந்தது. வாயில் நுரை. நேராக வந்து பன்னிரண்டாம் நம்பர் கிடாவின் கீழுதட்டைக் கடித்து உதறியது. கழியால் விரட்டினேன். மறுநாள் அதே நாய் மதகுப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. நான் உடனே எழுதினேன். நீங்கள் அடிக்கோடு போட்டிருக்கிற வரிதான் அது. "நம்பர் 12. கீழுதட்டில் நாய்க்கடி. நாய்க்கு வாயில் நுரை. மறுநாள் நாய் செத்தது. வெறிநாயாக இருக்கும். டாக்டருக்குச் சொல்ல வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. எதிரிலேயே நின்றேன். அந்த வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனில் எதையோ பார்த்துச் சிரித்தார். படித்திருந்தால் அன்றே ஆடு டாக்டருக்குப் போயிருக்கும், கதையும் முடிந்திருக்கும். தன் எழுத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர் ஒரு வரி படித்திருக்கக் கூடாதா? யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று அப்போது தோன்றியது. அதன் பிறகு நான் டாக்டரிடம் போகவில்லை.

மற்றவர்கள் விஷயத்தில் நான் கவனமாகத்தான் இருந்தேன். பன்னிரண்டைத் தனியாக, கொட்டகைக்குப் பின்னால் கட்டினேன். அதற்கு ஆட்டம்மை, தொட்டால் ஒட்டும், யாரும் கிட்டே போகாதீர்கள் என்று கதிரவனிடமும் மற்ற மூன்று பேரிடமும் சொன்னேன். தீனியை நீளக் கம்பில் மாட்டித்தான் வைப்பேன். குற்றம் ஒன்றும் அறியாத பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு.

பாவாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இருபத்தாறாம் நாள் கிடா தீனியைத் தொடவில்லை. எச்சில் ஒழுகியது. குரல் கம்மிப்போய், கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியது. இங்கே சித்திரை மாதத்தில் எந்த ஆடு அப்படி நின்றாலும் எல்லாரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். திருத்தணி மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி மாம்பழம் தின்று கொட்டையை எறிந்துவிட்டுப் போவார்கள். ஆடு அதை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கையை விட்டு எடுக்க வேண்டும். போன வருடம் பாவா அப்படி ஒன்றை எடுத்து வீடியோ போட்டிருந்தார். ஊரே அதைப் பார்த்தது. அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

"டாக்டர கூப்டலாம்ணா, அதுக்கு அம்மைன்னாங்க," என்றான் கதிரவன்.

"போடா, அம்மையாம் கிம்மையாம். கொட்ட மாட்டிகினு கீது, பார்த்தாலே தெர்யல?" என்றார் பாவா. பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா ஹேமா, நான் சொல்றது சரிதானே?"

"ஆங் பாவா. உங்க கைதான் ராசியான கை. நீங்களே பாருங்க," என்றேன்.

போனை என்னிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கை நடுங்கவில்லை, வீடியோவில் பார்த்தாலே தெரியும். முழங்கை வரைக்கும் வாய்க்குள் விட்டுத் துழாவினார். கிடா கடித்தது. இரண்டு விரலில் ரத்தம் வந்தது. "தேவ்டியா ஆடு!" என்று உதறிக்கொண்டு சிரித்தார். தொண்டையில் கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கிடா செத்தது. கறிக்குக் கேட்டார்கள். நான் விடவில்லை. குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வைத்தேன்.

அதற்கப்புறம் நாற்பது நாள். கடித்த உடனே போய் நான்கைந்து ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்களுக்கே டாக்டர் சொல்லியிருப்பார். எனக்கும் தெரியும், பாடத்தில் படித்திருக்கிறேன். நாற்பது நாளும் பாவாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து குழம்பு ருசியாக இருக்கிறது என்று சாப்பிட்டார். அரக்கோணம் போனதும் எனக்கு ஒரு நல்ல போன் வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. நிம்மதியாக இருந்தது. தறிச் சத்தம்கூட அப்போது அவ்வளவாகக் கேட்கவில்லை.

ஆனி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் கை மரத்துப்போகிறது என்றார். அப்புறம் ஃபேன் காற்று பட்டால் துள்ளினார். தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டது. திருத்தணியில் சேர்த்து, அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோனார்கள். நாய் கடித்ததா, நாய் கடித்ததா என்று டாக்டர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "எந்த நாயும் கடிக்கல சார், சாமி சத்தியமா கடிக்கல," என்று அக்கா அழுதாள். அவள் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கத்தில் வெறி என்றால் நாய்தான். ஆட்டுக்கும் அது வரும் என்று யாருக்கும் தோன்றாது. பாவா அங்கேயே செத்துப்போனார்.

இவ்வளவு நேரமாக நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள். கடைசியில், அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், படிக்காதது அவர் தப்புதானே என்று நான் நினைப்பதாக எழுதினீர்கள். இங்கே வரும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வந்தேன். பஸ்ஸில் வரும்போதுகூட அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. விட்டுப்போன பதிவேடு எனக்குப் பிடிக்காது.

கிடாவைப் புதைத்த மறுநாள் காலை அக்காவும் பாவாவும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். அவர் கையில் துணி கட்டியிருந்தது. நான் தறிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆடு கடித்ததற்கு எதற்கும் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வரலாம் என்று அக்கா அவரை வலுக்கட்டாயமாகக் கிளப்பியிருந்தாள். அவருக்குப் போக இஷ்டமில்லை.

"ஒரு பல்லு பட்டதுக்கு திருத்தணிக்கா போவாங்க? இவளுக்கு இன்னா சொன்னாலும் ஏறாது," என்று என்னிடம் முறையிட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே சொல்லு ஹேமா. அந்த கிடாவுக்கு இன்னா சீக்குன்னு உன் புக்குல எழுதி வெச்சிருப்ப இல்ல? நீ எழுதனா கரெக்டா இருக்கும். பயப்பட்ற மாதிரி எதுனா இருந்தா சொல்லிடு, நான் இட்டுகினு போறேன்," என்றாள்.

அந்த வீட்டில் என் எழுத்தை நம்பி ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெறும் அம்மைதான்க்கா. மஞ்சள் வெச்சு கட்டு, ஆறிடும்," என்றேன்.

அக்கா முகம் தெளிந்தது. திருத்தணி பஸ் வந்து அவர்கள் எதிரில் நின்றது. ஏறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். யாரும் இல்லை, போகலாம் என்று நான்தான் கை காட்டினேன்.